பூட்டு டீச்சரின் நாற்பது அட்டைகள்

பூட்டு டீச்சர் என்று தனக்குப் பெயர் வைத்தது யார் என்பதை அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. முயன்று பார்க்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சருக்கு முதலிடம், பள்ளி வேன் டிரைவருக்கு இரண்டாமிடம், கட்டிய கணவனுக்கு மூன்றாமிடம். பெயர் என்னவோ அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் நாலாம் வகுப்பு அறையை ஆயா பூட்டியதும் இவள் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். கேட்டுவரை போய், "அடடா, குடையை மறந்துட்டேன்" என்று யாரும் கேட்காமலே உரக்கச் சொல்லிக்கொண்டு வந்து மூன்றாவது தரம் இழுப்பாள். குடை கையிலேயே இருக்கும்.

மருந்துக் கடைக்காரர் மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "போன மாசம் இது ரோஸ் கலர்ல இல்ல இருந்துச்சு?" என்பாள். தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று விசாரித்தால் போதும், எதற்கு விசாரித்தார்கள் என்று அரை நாள் மண்டையைக் குடைந்துகொள்வாள். கெட்டவள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டுவிட்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லி, ஆள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வந்த ஆள் நிஜமாகவே அந்தப் பிள்ளையின் சித்தப்பாதானா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். அது வேறு விஷயம்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பீரோ சாவியை அவள் வாரத்துக்கு ஒரு இடமாக ஒளித்து வைப்பாள். திருடன் வந்தால் கண்டுபிடிக்கக் கூடாது என்பது கொள்கை. ஒரு வாரம் காலண்டருக்குப் பின்னால், ஒரு வாரம் தையல் மிஷின் டிராயரில், ஒரு வாரம் பழைய ஷூவுக்குள். கண்டக்டருக்கு ஒரு சட்டை வேண்டுமென்றால் எழுந்து நேராகப் போய் ஷூவுக்குள் கையை விடுவார். "எப்படிங்க?" என்று கேட்டால் சிரிப்பார். எதையும் சொல்லமாட்டார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எங்கிருந்தோ ஒளிந்து பார்க்கிறார் என்று முடிவு கட்டி, கதவில் இருக்கும் சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்து வைத்தாள். அடுத்த வாரமும் சாவியை எடுத்துவிட்டார்.

இனி அட்டைகளின் கதைக்கு வருவோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவள் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "டீச்சர், அந்த இது இல்ல டீச்சர், அது மேல இருக்கற இத எடுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டது. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் விளங்கியது. அலமாரி மேல் இருக்கும் உலக உருண்டையைத்தான் கேட்டது. பிறகு கவனித்துப் பார்த்தால், வகுப்பில் இருக்கும் பாதிப் பொருளுக்குப் பிள்ளைகளிடம் பெயரே இல்லை. இருக்கும் பெயரும் ரப்பர், ஸ்கேல், டஸ்டர். மீதி எல்லாம் 'அது', 'இது', 'அந்த இது'. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தான் தினமும் கையில் பிடிக்கிற பொருளின் பெயர் தெரியாதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றே பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி நாற்பது படம் வரைந்தாள். கரும்பலகை, சுண்ணக்கட்டி, அழிப்பான், அளவுகோல், கத்தரிக்கோல், கவராயம், பாகைமானி, வருகைப் பதிவேடு, கால அட்டவணை, உலக உருண்டை, தாழ்ப்பாள், பூட்டு, குப்பைத்தொட்டி என்று அறைக்குள் கண்ணுக்குப் படுவது எல்லாம். அவள் வரைந்த தாழ்ப்பாள் பல் துலக்குகிற பிரஷ் மாதிரி இருக்கும். அதைச் சொல்லிக்காட்டத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

ஆட்டத்துக்குப் பெயர் 'எட்டு வை'. அறையின் பின்சுவரிலிருந்து கரும்பலகை வரைக்கும் தரையில் எட்டுக் கல். இரண்டு பிள்ளைகள் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். டீச்சர் அட்டைக் கட்டிலிருந்து மேலாக இருக்கும் அட்டையை எடுப்பாள். தலைகீழாக இருக்கிறதா என்று தான் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லித் திருப்பிக் காட்டுவாள். சரியான பெயரை யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் ஒரு கல் முன்னால் எட்டு வைக்கலாம். 'ரப்பர்' என்று வாய் தவறினால் ஒரு கல் பின்னால் போக வேண்டும். முதலில் கரும்பலகையைத் தொடுகிறவர் மேசை மேல் இருக்கும் கைமணியை அடிக்கலாம். தினமும் மதிய இடைவேளைக்குப் பிறகு கால் மணி நேரம், வருஷம் முழுக்க அதே நாற்பது அட்டை. மூன்றே மாதத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "அம்மா, கத்தரிக்கோல் எங்க வெச்ச?" என்று கேட்க ஆரம்பித்தன. ஓர் அப்பா பதறிப்போய்ப் பள்ளிக்கே வந்து, "பையன் செய்தி வாசிக்கற மாதிரி பேசறான் டீச்சர், ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே விஷயம் அந்த ஆட்டம்தான்.

அதிலும் இந்த வருஷம் மண் விழுந்தது. மண்ணைப் போட்டவள் மிளகு.

மிளகு என்பது பட்டப்பெயர். ஆள் குட்டையாக, கறுப்பாக, உருண்டையாக இருப்பாள், பேச்சு நறுக்கென்று இருக்கும். பள்ளியில் கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் ஆயாவின் மகள். ஆயா என்றதும் வயதானவள் என்று நினைக்க வேண்டாம். பேருக்குத்தான் ஆயா, வயசு முப்பத்தைந்தைத் தாண்டாது. பள்ளியின் எல்லாச் சாவிகளும் கோத்த ஒரு வளையம் அவள் இடுப்பில் தொங்கும்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் இருக்கும். மிளகு பின்சுவரை ஒட்டி நின்றிருந்தாள். டீச்சர் அட்டையை நெஞ்சோடு அணைத்து, "ஒண்ணு, ரெண்டு..." என்றதுமே மிளகு, "கவராயம்!" என்றாள். திருப்பினால் கவராயம். குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறாள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டாள். அடுத்ததும் 'ரெண்டு' சொல்லும்போதே, "அழிப்பான்!" அதுவும் சரி. மூன்றாவது, "உலக உருண்டை!" டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டுக் கல்லையும் மிளகு நடந்து முடித்து மணியடித்தபோது பிள்ளைகள் ஆவென்று பார்த்தன. எதிரே நின்ற பிள்ளைக்கு வாயைத் திறக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அன்றிலிருந்து டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். அட்டைகளின் பின்பக்கம் கறை ஏதாவது அடையாளமாக இருக்கிறதோ? நாற்பதுக்கும் பழுப்புத் தாள் ஒட்டினாள். மிளகு மணியடித்தாள். தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் கண்ணாடியில் படம் தெரிகிறதோ? கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டினாள். அறை இருட்டானதுதான் மிச்சம். மிளகு மணியடித்தாள். முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஜாடை காட்டுகின்றனவோ? எல்லோரையும் மேசையில் தலை கவிழ்ந்து படுக்கச் சொன்னாள். அன்றும் மணிச் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு வாரம் அவளுக்குக் கண்வலி. கண் ரத்தமாகச் சிவந்துவிட்டது. லீவு போட்டால் தான் இல்லாத நேரத்தில் வகுப்பில் என்ன நடக்குமோ என்ற பயத்தில், கண்டக்டரின் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது மூக்கில் நிற்காமல் நழுவி நழுவி இறங்கியது. அன்றைக்கு மிளகு கல் மாதிரி நின்றாள். 'மூணு' சொல்லி அட்டையைத் திருப்பிய பிறகும், "அது வந்து... அந்த இது டீச்சர்..." என்று தடுமாறினாள். ஒரு கல்கூட நகரவில்லை. அந்த வாரம் முழுக்கவே அவள் ஜெயிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆயாவும் லீவு. தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தாள்.

டீச்சருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அட்டைகளை அவள் முந்தின நாள் சாயங்காலமே கலைத்து, நூலால் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டுவது வழக்கம். மறுநாள் மேலிருந்து வரிசையாக எடுப்பாள். காலையில் அறையைத் திறந்து கூட்டுவது ஆயா. அலமாரியின் இன்னொரு சாவியும் அவள் வளையத்தில்தான் தொங்குகிறது. ஆயா அலமாரியைத் திறக்கிறாள், அட்டை வரிசையைப் பார்க்கிறாள், மகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஆயா இல்லாத வாரம் மகள் ஊமை! ஆயா திரும்பி வந்தாள், டீச்சரின் கண்ணும் சரியானது, கறுப்புக் கண்ணாடி வீட்டுக்குப் போனது, மிளகு மறுபடி மணியடித்தாள். டீச்சர் ஒரு தையல் நூலை அலமாரிக் கதவின் இடுக்கில் குறுக்கே ஒட்டிவிட்டு வந்தாள். காலையில் நூல் தரையில் கிடந்தது. ஆயா தினமும் அலமாரியைத் துணியால் துடைப்பாள் என்பது அந்த நேரம் பார்த்து டீச்சருக்கு மறந்துபோனது.

மதியமே அட்டைகளை இன்னொரு தரம் கலைத்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு ருசி இருக்கிறது. கைக்கு ஆள் கிடைத்துவிட்டால், இனிமேல் சோதனை எதற்கு என்று மனசு சொல்லிவிடும். டீச்சருக்கும் சொல்லியது.

அன்று சாயங்காலம் மிளகை மட்டும் நிறுத்திவைத்தாள்.

"இங்க பாரு. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். அட்டையில என்ன இருக்குன்னு உனக்கு முன்னாடியே யாரு காட்டறது?"

மிளகு தரையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர்" என்றாள்.

"ம், சொல்லு."

"டீச்சர்."

"டீச்சர் எதிர்லதான் நிக்கறேன். யாருன்னு சொல்லு."

"அதான்... டீச்சர்."

நாலாம் வகுப்பில் ஒரு வாக்கியம் டீச்சரில் ஆரம்பித்து டீச்சரில் முடியும். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட முன்னால் ஒரு டீச்சர், பின்னால் ஒரு டீச்சர். பிள்ளை பயத்தில் மென்று முழுங்குகிறது, அடுத்த வார்த்தை வரவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

"அம்மாவா?"

மிளகு விலுக்கென்று நிமிர்ந்தாள். "ஐயோ, அம்மா இல்ல டீச்சர்! டீச்சர்... டீச்சர்..." என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மாவைக் காப்பாற்றத்தான் அழுகிறாள் என்று டீச்சர் தீர்மானித்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிம்மதியில் அன்று பூட்டை இரண்டு தரம்தான் இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தலைமை ஆசிரியையைப் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சுக்கங்க டீச்சர். ஆயாவுக்கு வருஷா வருஷம் வேலைய நீட்டிச்சுக் குடுக்கறோம். இந்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் மேல போகுது. நீங்க எழுத்துல குடுத்தா நான் பேர எடுத்துடணும்."

"எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. நடந்தத எழுதறேன், அவ்வளவுதான்" என்று டீச்சர் எழுதிக் கொடுத்தாள். அன்று மதியமே ஆயாவின் இடுப்பிலிருந்த வளையம் பெரிய டீச்சரின் மேசைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை காலையில் ஆயா துடைப்பத்தோடு வகுப்பு வாசலில் நின்றாள்.

"டீச்சர், ஒரு வார்த்தை. நான் அலமாரியத் தொறந்தேன்னு எழுதியிருக்கீங்களாம்."

"தொறக்கலையா?"

"தொறந்தேன். போன மாசம், உள்ள பல்லி செத்து நாறுது, எடுத்துப் போடுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. நீங்களும் பக்கத்துல மூக்கப் பொத்திக்கிட்டு நின்னீங்க." ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அந்த அட்டையில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சாலும் அது பேரு எனக்கு எங்க தெரியும்? எனக்கு ரப்பர் ரப்பர்தான்."

டீச்சர் அலமாரிப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"வேலை போனா இன்னொரு வேலை தேடிக்குவேன். அது கூட இல்ல. எம்பொண்ணு தினம் வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கு எட்டு எட்டும் வெச்சேம்மா, டீச்சருக்கு என்னை ரொம்பப் புடிக்கும்மா'ன்னு சொல்லும். முந்தாநேத்து வந்து, 'நான் சொன்னது டீச்சருக்குப் புரியலம்மா'ன்னு சொல்லிட்டு சாப்பிடாமப் படுத்துடுச்சு. என்ன சொல்லுச்சுன்னு எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்குது."

அவள் போகும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா நடிக்கிறா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் வழக்கமான ருசி இல்லை. அன்று ஆட்டம் நடக்கவில்லை. பிள்ளைகள் கேட்டபோது தலைவலி என்றாள்.

வியாழக்கிழமை காலை. கண்டக்டர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்துக்கான புது இடமாக, பாடாமல் கிடக்கும் பழைய ரேடியோவின் பேட்டரிப் பெட்டிக்குள் பீரோ சாவியை வைத்து மூடியிருந்தாள் டீச்சர். அவர் குளிக்கப் போயிருந்தபோது செய்த வேலை. பஞ்சடைத்த துவாரம் பஞ்சடைத்தபடியே இருந்தது. யார் பார்த்திருக்க முடியும்?

கண்டக்டர் டீயைக் குடித்து முடித்து எழுந்தார். ஸ்வெட்டர் வேண்டுமாம். நேராக ரேடியோவிடம் போனார், திருப்பினார், மூடியைத் திறந்தார், சாவியை எடுத்தார்.

டீச்சர் கையிலிருந்த தட்டை ணங்கென்று வைத்தாள். "இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். எப்படிங்க? யாரு காட்டிக்குடுக்கறா உங்களுக்கு?"

"நீதான்."

"விளையாடாதீங்க."

"விளையாடல. உக்காரு." கண்டக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷம் பஸ்ஸுல மூஞ்சிங்களைப் பாத்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பாக்க மாட்டான், வெளிய வேடிக்கை பாப்பான். நீ அதுக்கு நேர் எதிர். எத ஒளிச்சு வெக்கிறியோ அதையே பாப்ப. இருக்கா, எவனாவது எடுத்துட்டானான்னு. இப்ப நான் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு தரம் ரேடியோவப் பாத்துட்ட. பாடாத ரேடியோவ ஒருத்தி எதுக்கும்மா அத்தன தரம் பாக்கணும்?"

"இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"சொன்னா பாக்கறத நிறுத்திடுவ. அப்புறம் என் சட்டைய நான் எப்படி எடுக்கறது?"

டீச்சருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சோடு அணைத்த அட்டை நினைவுக்கு வந்தது. அழிப்பான் அட்டையை எடுத்ததும் தன் கண் எங்கே போகும்? அழிப்பான் இருக்கும் இடத்துக்கு. எந்தப் பயலாவது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டானா என்று பார்க்க. உலக உருண்டை வந்தால் அலமாரி மேலே. கவராயம் வந்தால் மேசை டிராயருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்ட வாரம் அவள் கண் யாருக்கும் தெரிந்திருக்காது. "யாரு காட்டறது?" என்று கேட்டதற்குப் பிள்ளை ஒரு தரமா சொன்னது? நாலு தரம் சொன்னது. டீச்சர், டீச்சர், டீச்சர் என்று முகத்துக்கு நேராகவே சொன்னது.

"ஐயய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்டக்டர் பயந்துபோய், "சாவி இங்கதான இருக்கு?" என்றார்.

இருந்தாலும் பூட்டு டீச்சர் பூட்டு டீச்சர்தான். தன் மேலேயே வந்த சந்தேகத்தையும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. முதல் பீரியடிலேயே ஆட்டத்தை வைத்தாள். மிளகை அழைத்தாள். அந்தக் குழந்தை வரமாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"வாடா கண்ணு. இன்னைக்கு டீச்சர்தான் பரீட்சை எழுதறேன். நீ இல்ல."

மிளகு பின்சுவரை ஒட்டி நின்றாள். டீச்சர் எடுத்தது வருகைப் பதிவேடு. மேசைப் பக்கம் ஓடப்பார்த்த கண்ணைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்து, குப்பைத்தொட்டியின் மேல் வைத்தாள். "ஒண்ணு, ரெண்டு..."

"குப்பைத்தொட்டி!" என்றாள் மிளகு.

திருப்பினால் பதிவேடு. வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிளகின் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் அடுத்த அட்டையை எடுத்து விட்டத்தைப் பார்த்தாள். மிளகு அண்ணாந்து பார்த்துவிட்டு, "மின்விசிறி" என்றாள். வந்தது பசைப் புட்டி. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தன. டீச்சர் அட்டையைக் கீழே வைத்தாள். இந்தப் பெண்ணுக்கு அவள் கற்றுக்கொடுத்தது நாற்பது சொல் இல்லை. பெயர்கள் எல்லாம் காதில் விழுந்து வாயில் இருக்கின்றன, ஆனால் எந்தப் படத்துக்கு எந்தப் பெயர் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. டீச்சரின் கண் ஒரு பொருளைத் தொட்டால்தான் பெயர் வருகிறது. இத்தனை நாள் அந்தப் பிள்ளை அட்டையைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ அன்னைக்கு சொன்ன இல்ல, டீச்சர்னு? சரியாத்தான் சொன்ன. எனக்குத்தான் புரியல. மன்னிச்சுக்கோ."

மிளகு தலையை ஆட்டினாள். பிறகு நறுக்கென்று, "அம்மாகிட்டயும் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

பெரிய டீச்சர், கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். அது கோப்பில் ஏறிவிட்டது. வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கொடுக்கலாம். டீச்சர் நின்றபடியே எழுதினாள். 'அட்டையில் இருப்பதை மாணவிக்குக் காட்டிக்கொடுத்தது ஆயா அல்ல. வகுப்பாசிரியையாகிய நான். என் கண்ணால் காட்டிக்கொடுத்தேன்.' பெரிய டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு டீச்சருக்குத் தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரம் காரணம் தேடியிருப்பாள். அன்று தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை போன பட்டியலில் ஆயாவின் பெயர் இருந்தது. சாவி வளையம் இடுப்புக்குத் திரும்பியது.

டீச்சர் ஆயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். நாலு பேர் நடமாடுகிற வராந்தாவில், எல்லோர் காதிலும் விழும்படியாகவே கேட்டாள். ஆயா, "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அறையைப் பூட்டுவதற்கு முன்னால் ஆயா தன் துணிப்பையை டீச்சர் முன் விரித்துக் காட்டினாள். உள்ளே சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு பழைய துண்டு.

"எதுக்கு இதெல்லாம்?" என்று டீச்சர் பதறினாள்.

"பாத்துக்கங்க டீச்சர். நாளைக்கு ஒரு சாக்பீஸ் காணோம்னா நான் எங்க போய் நிக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மறுநாளும் பையைத் திறந்தாள், அதற்கு மறுநாளும் திறந்தாள். "வேண்டாம்மா, என்னைக் கொல்லாதீங்க" என்று டீச்சர் கெஞ்சியும் பார்த்தாள். அதுவரை ஆயாவை 'நீ' என்றே கூப்பிட்டு வந்தவள் 'நீங்க'வுக்கு மாறியதை ஆயா கவனித்தாளா, தெரியாது. பை மட்டும் தினமும் திறந்தது. இந்த ஒரு பை மூடினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது டீச்சருக்கு.

'எட்டு வை' ஆட்டம் மாறிவிட்டது. இப்போது அட்டைக் கட்டு மிளகின் கையில். அவள் எடுக்க வேண்டும், மற்றவர்கள் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் அட்டையைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? ஒரு மாதத்தில் நாற்பதும் அவளுக்குப் பாடம். நெஞ்சோடு அட்டையை அணைத்துக்கொண்டு நிற்பாள் பாருங்கள், அந்த முகத்திலிருந்து ஒன்றையும் கறந்துவிட முடியாது. ஒருநாள் டீச்சரையும் போட்டிக்கு நிறுத்தினார்கள். அவசரத்தில் "ரப்பர்!" என்று கத்திவிட்டாள். "பின்னாடி போங்க டீச்சர்" என்று மிளகு ஈவிரக்கம் இல்லாமல் சொன்னாள். பின்னால் கல் இல்லை, சுவர்தான் இருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பை திறக்க ஆரம்பித்து ஆறாவது வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் ஆயா அறையைப் பூட்டினாள். மிளகு புத்தகப் பையோடு பக்கத்தில் நின்றாள். இன்றைக்குப் பூட்டைத் தொடக் கூடாது என்று டீச்சர் வைராக்கியத்தோடு வந்திருந்தாள். நம்புகிறேன் என்று வாயால் சொல்லி என்ன பிரயோஜனம், செய்து காட்ட வேண்டும் அல்லவா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரி, போலாமா?" என்று திரும்பினாள். கை சொன்னபடி கேட்டது. கண் கேட்கவில்லை. விருட்டென்று திரும்பிப் போய்விட்டது.

மிளகு நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டு, டீச்சர்."

அட்டைக்குப் பதில் சொன்னாளா, பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளா? டீச்சர் திகைத்து நிற்க, ஆயாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இழுத்துப் பாத்துட்டே வாங்க டீச்சர். இல்லன்னா ராத்திரி உங்களுக்குச் சோறு எறங்காது."

டீச்சர் இழுத்துப் பார்த்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரமும் அங்கேயே இழுத்து முடித்துவிட்டாள். மூன்று பேரும் கேட்டுவரை சேர்ந்து நடந்தார்கள். ஆயாவும் மிளகும் இடது பக்கம் திரும்பிப் போனார்கள். தெருமுனை தாண்டும்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. இன்றைக்குப் பை திறக்கவில்லை.

சிரித்த சிரிப்பில் மறந்துவிட்டாளா, இல்லை இனி வேண்டாம் என்று நிஜமாகவே விட்டுவிட்டாளா? வீடு போய்ச் சேரும்வரை டீச்சருக்கு அதே சந்தேகமாக இருந்தது.